தாளம் தப்பினாலும் அடி விழும்: ஹை-ஃபை ரஷ்

எனக்குத் தாள ஞானம் சுத்தமாகக் கிடையாது. கச்சேரியில் நான் தொடையில் தட்ட ஆரம்பித்தால் பக்கத்து சீட்காரர் முறைப்பார். அப்படிப்பட்ட நானே கடைசிவரை விளையாடி முடித்த கேம் 'ஹை-ஃபை ரஷ்'. அது என் திறமையா, கேம் காட்டிய கருணையா? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'தி ஈவில் விதின்' போன்ற திகில் கேம்கள் செய்த ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ், 2023 ஜனவரியில் இதை அறிவித்த அன்றைக்கே வெளியிட்டது. ராக் ஸ்டார் ஆகும் கனவோடு செயற்கைக் கை பொருத்திக்கொள்ளப் போகிறான் சாய். தவறுதலாக அவன் நெஞ்சில் ஒரு மியூசிக் பிளேயர் பதிந்துவிடுகிறது. கம்பெனி அவனைப் 'பழுதான சரக்கு' என்று முத்திரை குத்தித் துரத்துகிறது.

முதல் பலம், அடிதடியின் வடிவமைப்பு. பொத்தானை எப்போது அழுத்தினாலும் சாயின் அடி தாளத்தில்தான் விழும். அதற்கேற்ப அனிமேஷன் நீளும், சுருங்கும். லேசான அடிக்கு ஒரு தட்டு, பலமான அடிக்கு இரண்டு. நாமும் சரியாகத் தட்டினால் மதிப்பெண் கூடும். எதிரிகளும் அதே தாளத்தில்தான் அடிக்கிறார்கள். சுற்றியுள்ள எந்திரங்கள்கூட அதற்குத்தான் ஆடுகின்றன. 'கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர்' கேமில் தாளம் தப்பினால் நகரவே முடியாது. இங்கே அந்தக் கண்டிப்பு இல்லை.

ஒரு எச்சரிக்கை: முதல் நாள் நான் தட்டியதெல்லாம் தப்பு. வழக்கம்போல் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, குற்றவாளி ப்ளூடூத் ஹெட்ஃபோன். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடிதான். அதில் 0.2 நொடி தாமதம் வந்தால் பிழைப்பு என்னாவது? வயர் ஹெட்ஃபோனுக்கு மாறியதும் பாதிப் பிரச்சினை போயிற்று.

மீதிப் பாதி கேமுடையது. பெரும்பாலான நேரம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு, எதிரி தட்டிக்காட்டுவதை அப்படியே திருப்பித் தட்டவேண்டிய இடங்களில் மட்டும் திடீரென்று கறாராகிறது. பாடமே நடத்தாமல் பரீட்சை வைப்பது போல. கேடயம் வைத்த எதிரிக்குப் பெப்பர்மிண்ட், கவசத்துக்கு மக்கரோன், நெருப்புக்குக் கோர்சிகா என்று தோழர்களைக் கூப்பிடவேண்டும். ஒருமுறை கூப்பிட்டால் மறுபடி கூப்பிடக் கொஞ்சம் காத்திருக்கவேண்டும். அங்கே லயம் அறுந்துபோகிறது. சண்டைகளுக்கு நடுவே தாவிக் குதிக்கும் பகுதிகளும் சவசவ. நைன் இன்ச் நெயில்ஸ், தி பிராடிஜி பாடல்கள் வரும் முக்கியச் சண்டைகளில் மயிர்க்கூச்செறிகிறது. இடைப்பட்ட இசை மனசில் நிற்கவில்லை.

இருந்தும் சிபாரிசு செய்கிறேன். 'உனக்கு வராது' என்று முடிவுகட்டப்பட்ட ஒருவனுக்குத் தாளத்துக்குள் இருப்பது எப்படியிருக்கும் என்று சில மணிநேரமாவது காட்டியது இந்த கேம். கருணைதான். ஆனால் கடைசிச் சண்டைகளில் நான் திரையைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்டே அதிகம் தட்டினேன்.

2024 மே மாதம் இந்த ஸ்டூடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன் அதைக் காப்பாற்றியது. பழுதான சரக்கு என்று ஒதுக்கப்பட்டவனின் கதையைச் செய்தவர்களுக்கே அந்தக் கதி!