நாப்கினா, சர்வியெட்டா?

சாப்பாட்டு மேஜையில் மடிமேல் விரித்துக்கொள்ளும் துணிக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? நாப்கின் என்றால் தப்பித்தீர்கள். நூறு வருஷத்துக்கு முன் ஓர் ஆங்கிலப் பிரபு வீட்டு விருந்தில் சர்வியெட் என்று கேட்டிருந்தால் யாரும் உங்களைத் திட்டியிருக்க மாட்டார்கள். சிரித்துப் பேசி வழியனுப்பியிருப்பார்கள். அடுத்த அழைப்புதான் வந்திருக்காது.

இந்த ரகசியத்தைப் போட்டு உடைத்த புத்தகம், நான்ஸி மிட்ஃபர்ட் 1956-ல் கொண்டுவந்த 'நொப்லெஸ் ஒப்லீஜ்'. ஆரம்பித்துவைத்தவர் ஆலன் ராஸ் என்கிற பர்மிங்ஹாம் பேராசிரியர். 1954-ல் ஒரு பின்லாந்து ஆராய்ச்சிப் பத்திரிகையில், மேல்தட்டுப் பேச்சை 'யு' என்றும் மற்றதை 'நான்-யு' என்றும் பிரித்தார். பிரபுக்களிடம் மற்றவர்களைவிட அதிகப் பணமும் இல்லை, படிப்பும் இல்லை. மிச்சமிருக்கும் ஒரே அடையாளம் பேச்சுதான் என்றார். பாவம், இதைப் பின்லாந்தில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டியல் சுவாரஸ்யமானது. 'மிரர்' கூடாது, 'லுக்கிங் கிளாஸ்'. 'டாய்லெட்' கூடாது, 'லாவட்டரி'. 'வெல்தி' என்றால் கீழே, 'ரிச்' என்றால் மேலே. பெரிய இடத்தில் நாசூக்காகப் பேசுவார்கள் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. நாசூக்கெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் கவலை. தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் இருப்பவன்தான் பிரெஞ்சு வார்த்தை தேடுகிறான். பயமில்லாதவன் மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

வழக்கங்களும் இப்படித்தான். 'ஹவ் டு யூ டூ' என்றால் பதிலுக்கு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல் உடம்பு நிலவரம் சொல்லக்கூடாது. (நம் இலக்கணப் புத்தகங்களிலும் இது இருந்தது, ஏன் என்றுதான் யாரும் சொல்லவில்லை.) டின்னர் முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கோப்பையில் பாலை முதலில் ஊற்றிவிட்டு டீ ஊற்றினால் தீர்ந்தது கதை. விருந்தாளியோடு வரும் வேலைக்காரனை அந்த வீட்டு வேலைக்காரர்கள் அவன் எஜமான் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ராபர்ட் ஆல்ட்மனின் 'காஸ்ஃபோர்ட் பார்க்' (2001) படத்தில் இது வருகிறது. அந்த வீட்டில் இருக்கும்வரை சொந்தப் பெயர்கூடக் கிடையாது. இதைப் பார்த்த பிறகு நாப்கின் ஜோக்குக்கு முன்போல் சிரிக்க முடியவில்லை.

மிட்ஃபர்ட் கேலிக்குத்தான் எழுதினார் என்பார்கள். எனக்குச் சந்தேகம். அவருடைய 'தி பர்ஸ்யூட் ஆஃப் லவ்' (1945) நாவலில் மாத்யூ மாமா என்று ஒரு முரட்டுப் பிரபு. பள்ளிக்கூடம் போன பெண் மிரர், ஹேண்ட்பேக் என்றெல்லாம் பேசுகிறாளே என்று கத்துவார். அங்கே நாம் சிரிப்பது கத்துகிறவரைப் பார்த்து. அதே பட்டியல் கட்டுரையில் வரும்போது மாமாவைக் காணோம்; தவறாகப் பேசுகிறவன் மட்டும் மாட்டிக்கொள்கிறான். நாவலாசிரியை ஜெயித்த இடத்தில் கட்டுரையாளர் கோட்டைவிட்டிருக்கிறார்.

கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இரக்கமும் வருகிறது. நான்ஸி பிறந்தது 1904-ல். தாத்தாவுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்ததே 1902-ல்தான். அப்பாவுக்குப் பெண்கள் பள்ளிக்கூடம் போவது பிடிக்காது. பெரும்பாலும் வீட்டில்தான் படிப்பு. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த சொத்து இந்தக் காதுதான். புத்தகத்தில் கூட எழுதியவர்களைப் பாருங்கள்: ஈவ்லின் வா, பதிப்பாளர் மகன். ஜான் பெட்ஜமன், வீட்டுச் சாமான்கள் தயாரித்து விற்ற குடும்பம். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குத்தான் வேலியின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்திருக்கிறது.

புத்தகத்தில் தேறுவது, நான்ஸியையே வாரிவிடும் ஈவ்லின் வாவின் கடிதம். அதற்காகப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்கலாம். நாவலை முதலில் படித்துவிடுங்கள். அப்புறம் நண்பர் வீட்டில் டீ குடிக்கும்போது பாலை எப்போது ஊற்றுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை.