ஸ்டோரும் எல்லேயும்

ஆகஸ்ட் மாதத்தில் ஊவாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1921இலிருந்து நிற்கிற பாலம், எங்கும் போய்விடாது. காலையில் ஒரு தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, பாருங்கள். மாலையில் தோட்டத்து மைதானத்தில் எல்லே ஆட்டம் நடந்தால் அதையும் பாருங்கள். இரண்டையும் ஆட்டிவைப்பது கச்சான் காற்று. அது செப்டெம்பரோடு நின்றுவிடும்.

முறைப்படி பெயர்ப்பலகை மாட்டிய தேயிலை அருங்காட்சியகம் கண்டி ஹந்தானையில் இருக்கிறது. 1925இல் கட்டிய ஸ்டோரைப் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். என் மனதுக்கு அதுதான் நெருக்கம். ஆனாலும் தேயிலை வித்தை முழுவதும் மூக்கிலும் விரலிலும் இருக்கிறது. நின்றுபோன ரோலரைச் சுற்றிச்சுற்றி வந்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. ஓடுகிற ஸ்டோர் வேண்டும்.

அப்புத்தளையிலிருந்து தோட்டப் பஸ் பிடித்தால் தம்பேதன்ன. லிப்டன் 1890இல் கட்டிய ஸ்டோர், வரிசை வரிசையாக ஜன்னல்களோடு இன்னும் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் சீட்டு வாங்கி உள்ளே போய், பெரிய இயந்திரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, லிப்டன் சீட் மலைக்கு ஏறப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவசரப்படாமல் கொழுந்து வாட்டுகிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பறித்த கொழுந்து இரவு முழுக்கக் காற்றில் கிடந்து, நிறையில் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கும். ஒருவர் வந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, மெல்லத் திறப்பார். உருண்டை பட்டென்று சிதறினால் வாட்டம் போதாது. காம்பை மடித்துப் பார்ப்பார். முறியாமல் வளைய வேண்டும். சுவரில் வெப்பமானி தொங்கத்தான் செய்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்புவது இதற்கெல்லாம் பிறகு.

கீழே ரோலர்கள். வட்ட மேசையில் கொழுந்து சுழன்று நசுங்கி, சல்லடையில் தூளாக விழுகிறது. அதைப் பரப்பிவைத்துக் காற்றுப் படவிடுகிறார்கள். பச்சை மெல்லச் செம்பு நிறமாகிறது. பச்சிலை நெடி போய்ப் பழவாசம் வருகிறது. டீமேக்கர் குனிந்து, தூளுக்குள் முகத்தைப் புதைக்கிறமாதிரி முகர்கிறார். நகர்கிறார். திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி முகர்கிறார். ரோலரில் ஏறிய நேரத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. கச்சான் காலத்தில் அந்தக் கணக்கைச் சுருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சாயம் கூடும், வாசம் போய்விடும். ஒரு கட்டத்தில் அவர் தலையை ஆட்டுகிறார், தூள் அடுப்புக்குப் போகிறது. நான் ஸ்டோருக்குப் போவதே அந்தத் தலையாட்டலைப் பார்க்கத்தான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சூடும் சல்லடையும்.

அந்த வாசம் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்த கச்சான் காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. செடி தவித்துப்போய், தளிர் விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது கொழுந்தில் மெதில் சாலிசிலேட் கூடுகிறது. மூட்டுவலித் தைலத்தில் இருக்கிற அதே சரக்குதான். கோப்பையில் அது தைலப் போத்தலைத் திறந்து உடனே மூடியதுபோல வந்து போகும். டார்ஜிலிங்கோடும் சீனத்துக் கீமனோடும் ஊவாவைச் சேர்த்துப் பேசவைத்தது இந்தக் குளிர்ந்த வாசம்தான். பால் ஊற்றாமல் குடியுங்கள். வாசம் ஏறுகிற மாதங்களில்தான் கொழுந்து குறைகிறது, எடுக்கிற பெண்களுக்கு நிறை முட்டாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறது. இது எந்தப் பெட்டியின் மேலும் அச்சாவதில்லை.

இனி எல்லே. இதை நம் ஊர்ப் பேஸ்போல் என்பார்கள். பந்து, தடி, ஓட்டம் எல்லாம் இதிலும் உண்டு. மூங்கில் தடியால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஒரு சுற்று ஓடி வர வேண்டும். முடியாவிட்டால் நடுவிலுள்ள தரிப்புகளில் நின்றுகொள்ளலாம். பிடிகொடுத்தால் ஆட்டமிழப்பு. ஓடும்போது முதுகில் பந்து பட்டாலும் அப்படியே. கையுறை கிடையாது. ஆனால் இவற்றையெல்லாம் விட, ஒரு விஷயத்தில் எல்லே முற்றிலும் வேறு ஆட்டம்: பந்து போடுகிறவர் அடிப்பவரின் சொந்த அணிக்காரர். பேஸ்போலில் பந்து போடுகிறவர் ஏமாற்றுக்காரர். வளைத்தும் வேகத்தை மாற்றியும் எதிரியின் கண்ணைக் கட்டுவதுதான் அவர் தொழில். எல்லேயில் போடுகிறவர் பரிமாறுகிறவர். அடிக்கக் கிடைப்பது மூன்றே வாய்ப்பு, அதனால் அவர் கை பிசகினால் அடிப்பவன் பாடு அவ்வளவுதான்.

எல்லோரும் அடிப்பவனைப் பார்க்கிறார்கள். நான் போடுகிறவரைப் பார்ப்பேன். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மைதானம், மலையை வெட்டிச் சமப்படுத்தியது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. போட்டவர்தான் அணியிலேயே வயதில் மூத்தவர். இடுப்பளவில் பந்தை வைத்துக்கொண்டு அடிப்பவனின் காலைப் பார்க்கிறார், தோளைப் பார்க்கிறார். ஒருவனுக்கு நெஞ்சுயரம் பிடிக்கும். இன்னொருவன் தாழ்ந்து வருகிற பந்தைத்தான் தூக்குவான். காற்று குறுக்கே அடிக்கிறது. "போடுண்ணே" என்று அடிப்பவன் அவசரப்படுகிறான். "இருடா, காத்து நிக்கட்டும்." கூட்டம் கத்துகிறது. அவர் கீழே குனிந்து ஒரு சிட்டிகைப் புல் கிள்ளிப் பறக்கவிட்டார். அது சாய்ந்து போனது. இன்னும் பொறுத்தார். அடுத்த சிட்டிகை நேராக விழுந்ததும் கை மேலே போனது. சுழற்சியே இல்லாத, மந்தமான பந்து, அடிப்பவனின் நெஞ்சுக்கு நேரே வந்து இறங்கியது. மூங்கில் பட்ட சத்தம் மண்சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் பந்து தேயிலைக்குள் விழுந்துவிட்டது. பிடிக்க ஓடிய பொடியன்கள் கானில் இறங்கி, செடிகளை விலக்கித் தேடுகிறார்கள். அடித்தவன் சுற்றை முடித்துவிட்டுச் சிரிக்கிறான்.

காலையில் ஸ்டோரில் பார்த்ததும் இந்தப் பொறுமைதான். டீமேக்கர் இன்னும் கொஞ்சம் என்று நகர்ந்து போகிறார், இவர் பந்தைக் கையிலேயே வைத்திருக்கிறார். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது, நல்ல காரியம். எல்லேக்கும் பாடசாலைப் போட்டிகளும் விதிப்புத்தகமும் உண்டு. எப்போது கையை விட வேண்டும் என்பதை மட்டும் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கித்தான் பழக வேண்டியிருக்கிறது.

பரிசளிப்பில் கிண்ணம் அடித்தவனுக்குப் போனது. போட்டவர் அதற்குள் மைதானத்து ஓரத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். தோற்ற அணிப் பொடியன்கள் அவரைச் சுற்றி நின்று, அடுத்த போயாவுக்கு அவர்கள் ஆடப்போகிற ஆட்டத்தில் தங்களுக்குப் பந்து போட வர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.