தீர்ப்பு இல்லாத காவல்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பையன் போதைத் தூளோடு பிடிபட்டால், லயத்தில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "ரிமாண்டுக்குப் போயிக் கெட்டு வர்றதுக்கு, கேம்புல இருந்து திருந்தி வரட்டுமே." கேம்ப் என்றால் புனர்வாழ்வு நிலையம். அந்தத் தாய்மாரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. நெரிசலில் திணறும் சிறைக்குள் போகும் பையனுக்கு அங்கே வாய்க்கும் முதல் ஆசிரியர் இன்னொரு குற்றவாளிதான்.

ஆனால் தெமோதரையில் கொழும்பு ரயிலேறி எல்லவைத் தாண்டினால் பண்டாரவளை. அதன் அருகே பிந்துனுவெவ. புனர்வாழ்வைப் பற்றி ஊவா மாகாணத்தில் யார் பேசினாலும் அந்த ஊரைக் கடந்து பேச முடியாது.

அங்கே இருந்ததும் புனர்வாழ்வு நிலையம்தான். விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து வந்து சரணடைந்தவர்களும், சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமாக 41 தமிழர்கள் இருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் அவர்களில் உண்டு. கடுமையான சிறைக் காவல் இல்லை. சுற்றியிருந்த கிராமத்தோடும் நெடுநாள் நல்ல உறவு இருந்தது. திட்டமாகப் பார்த்தால் நாட்டில் இருந்தவற்றில் மனிதத்தன்மை கூடியது என்றே சொல்லலாம். 2000 ஒக்டோபர் 24 மாலை, விடுதலை தள்ளிப்போவது பற்றியும் கடிதங்கள் கைக்கு வராதது பற்றியும் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தகராறு மூண்டது. மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து, கத்தியாலும் தடியாலும் தீயாலும் 27 பேரைக் கொன்றார்கள். ஆயுதம் தாங்கிய பொலிஸார் சுமார் அறுபது பேர் அங்கேயே நின்றார்கள். கூட்டத்தை அவர்கள் தடுக்கவில்லை.

41 பேரில் எவரும் எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளியாகக் காணப்பட்டவர் அல்லர். "எப்போது விடுவீர்கள்?" என்ற கேள்விக்கு அங்கிருந்த எவரிடமும் உறுதியான பதில் இல்லை, அந்த நாளைக் குறிப்பது நீதிபதி அல்ல, நிர்வாகம். புனர்வாழ்வு முறையின் அடிப்படைக் குறை இதுதான் என்பது என் முடிவு. தண்டனைக்கு ஒரு கெடு உண்டு, மேன்முறையீடு உண்டு. திருத்துவதற்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லும் காவலுக்கு இவை இரண்டும் இல்லாமல் போகலாம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. எல்லோரையும் வழக்குக்கு அனுப்புங்கள் என்றால், எந்தச் சட்டத்தின் கீழ்? 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கிறது. அந்த வழியில் போனவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். 2009-க்குப் பின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பியதாக அரசு சொல்கிறது. அவர்களில் பலருக்கு அது சிறையைவிட நல்லதாகவே முடிந்திருக்கும். இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் காவலில் வைத்திருப்பவர் தவறினால் பதில் சொல்வது யார்? பிந்துனுவெவ வழக்கில் 2003-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மேல் நீதிமன்ற அமர்வு ஐவருக்கு மரண தண்டனை விதித்தது; அவர்களில் இருவர் பொலிஸார். 2005-க்குள் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலையானார்கள். இந்தக் கொலைகளை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையை அரசு வெளியிடவில்லை. தூக்குத் தண்டனை வந்தால் நீதி வரும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 1976-க்குப் பிறகு இந்நாட்டில் தூக்கு நிறைவேற்றப்படவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கத்தான் செய்தார்கள். நீதிமன்றத்தில் நின்றுபிடிக்கும் சாட்சியம்தான் இல்லாமல் போனது.

2022 ஜூனில் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். நூற்றுக்கணக்கானோர் வெளியே ஓடினார்கள். அங்கு கடமையிலிருந்த படையினர் சிலர் கைதானார்கள். அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானவர்களோடு முன்னாள் போராளிகளையும், தீவிரவாதக் குழுவினரையும், வேறு எந்தக் குழுவினரையும் ஒரே பட்டியலில் அடக்கியது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பட்டியலைச் சுருக்கிய பிறகு, 2023 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. நல்ல திருத்தம்தான்.

எனக்குள்ள கவலை இன்னும் கீழே, பொலிஸ் நிலையத்து மேசையில் இருக்கிறது. வழக்கா, கேம்பா என்று கேட்டால் பயந்துபோன பையன் கேம்ப் என்றுதான் சொல்வான். தாள் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைப்பான், பக்கத்தில் நிற்கும் அம்மாவும் வைப்பார். அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்ள என்னால் முடியாது. நீதவான் முன்னிலையில், தமிழில் வாசித்துக் காட்டி, வீட்டுக்கு வரும் நாளையும் அதே தாளில் எழுதிய பிறகே அதை வாங்க வேண்டும்.