ஒன்றரை ஜல்லியில் ஒரு மலையேற்றம்

ரிமோட் கார் என்றதும் விர்ரென்று பறப்பதுதான் நினைவுக்கு வரும். கிராலர் என்னும் ரிமோட் வண்டி அந்த ரகமல்ல. ஆள் நடக்கும் வேகத்தை எட்டுவதே அதற்குப் பெரிய காரியம். கல்லின்மேல் ஒவ்வொரு சக்கரமாக ஊன்றி ஏறுவதுதான் அதன் தொழில். முதல்முறை பார்ப்பவர் இரண்டே நிமிடத்தில் கொட்டாவி விடுவார். எங்கே கண்ணை வைப்பது என்று யாரும் சொல்லித் தராததுதான் காரணம்.

எடுத்துக்காட்டுக்கு ஆக்சியல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 வண்டியை வைத்துக்கொள்வோம். நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு. நீளம் ஏறக்குறைய ஒரு சாண். 1967 மாடல் செவர்லே பிக்கப், ஜீப் ராங்லர் என்று பல பாடிகளில் வருகிறது. பெட்டியைப் பிரித்த கையோடு திருப்புளியைத் தேடுகிறவர்களின் வண்டி இது. ஏறக்குறைய எல்லா உறுப்புக்கும் மாற்று உறுப்பு கிடைக்கிறது, வண்டி விலையை விட அதிகமாக அதற்குச் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டுவதற்கு மலை தேட வேண்டாம். வீடு கட்டுமிடத்தில் கிடக்கும் ஒன்றரை இஞ்ச் ஜல்லியை 24-ஆல் பெருக்கினால் 36 அங்குலம், அதாவது மூன்றடிப் பாறை. முக்கால் ஜல்லி ஒன்றரை அடி. ஒரு கூடை ஜல்லியை மொட்டைமாடி மூலையில் கொட்டினால் அந்த வண்டிக்கு அது ஒரு மலைச்சரிவு.

அளவை 24 மடங்கு குறைத்துவிடலாம், புவியீர்ப்பைக் குறைக்க முடியாது. வினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. நிஜ ஜீப்பின் சக்கரம் ஒரு மீட்டர் உயரப் பாறையிலிருந்து நழுவி விழ அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பொம்மைக்கு அதே பாறை நாலு சென்டிமீட்டர். விழ ஆகும் நேரம் பத்தில் ஒரு நொடிகூட இல்லை. சின்ன வண்டியின் எல்லா அசைவும் நிஜத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அவசரத்தில் நடந்துவிடுகிறது. அதனால்தான் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினால் அது துள்ளுகிறது, உதறுகிறது, சட்டென்று மல்லாக்க விழுகிறது. நல்ல கைவேலை பட்ட வண்டி அப்படி இருக்காது. இரண்டு டன் கனத்தைச் சுமப்பதுபோல் நிதானமாக ஏறும். ரசிக்க வேண்டியது இந்த நடையைத்தான். போட்ட பாகம் ஒவ்வொன்றையும், இந்த நடைக்கு என்ன செய்தது என்று கேட்டே எடைபோட வேண்டும்.

முதல் மரியாதை பித்தளைக்கு. கன சென்டிமீட்டருக்குச் சுமார் எட்டரை கிராம். அலுமினியம் 2.7 கிராம்தான், பிளாஸ்டிக் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அதனால் சக்கரம், அச்சின் மூடி, முன்சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் என்று தரைக்கு அருகிலுள்ள உறுப்புகளைப் பித்தளையில் மாற்றுகிறார்கள். கணக்கு எளிது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் அகலம், எடையின் மையம் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 45 டிகிரி சாய்வில் வண்டி பக்கவாட்டில் கவிழும். அந்த மையத்தை ஒரே ஒரு சென்டிமீட்டர் இறக்குங்கள். 51 டிகிரி வரை நிற்கும். அந்த ஆறு டிகிரிக்காகத்தான் இவ்வளவு செலவும்.

கீழே மட்டும் போதாது, முன்னாலும் வேண்டும். செங்குத்தில் ஏறும்போது பாரம் பின்சக்கரத்துக்குப் போய்விடும். முன்பக்கம் லேசாகி மேலே எழும்பும், அப்படியே பின்னால் புரளும். இதற்குக் காசில்லாத வைத்தியமும் ஒன்று உண்டு: பேட்டரியைக் கழற்றி முன்பக்கம், முடிந்தவரை தாழ்வாகப் பொருத்துவது. பித்தளை வாங்கும் முன் இதைச் செய்து பார்த்தவரை நான் கூடுதலாக மதிப்பேன். வேகப் போட்டிக் காரில் சக்கரத்தைக் கனமாக்கினால் சிரிப்பார்கள். இங்கே வேகம் இல்லாததால் அந்தச் சட்டம் தலைகீழாகிவிடுகிறது. நீலமும் சிவப்புமாக மினுக்கும் அலுமினிய உறுப்புகள் படத்தில் அழகுதான்; உடையாமல் உழைக்கும், ஆனால் நடையைப் பெரிதாக மாற்றாது.

முன்னால் பித்தளை ஏறியதும் அடுத்த செலவு வாசலில் நிற்கும். முன்சக்கரத்தைத் திருப்ப வண்டியோடு வந்த சின்ன மோட்டாரான செர்வோ அந்தக் கனத்தைத் திருப்பத் திணறும். கல்லிடுக்கில் மாட்டிய சக்கரத்தைத் திருப்ப முடியாமல் முனகும். உலோகப் பல்சக்கரம் கொண்ட செர்வோவுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வண்டியைப் பார்த்தால் உடையவர் இந்தச் செலவுச் சங்கிலியை எந்தக் கண்ணியில் நிறுத்தினார் என்று கண்டுபிடிப்பதும் ஒரு சுவாரசியம்.

டயரைப் பார்க்கக் குனிந்தால் போதாது, தரையில் படுக்க வேண்டும். கண் ஜல்லி மட்டத்துக்கு வந்தால்தான் விஷயம் புரியும். மென்மையான ரப்பராக இருந்தால், கல்லின் விளிம்பு படும் இடத்தில் டயர் முதலில் உள்வாங்கும். டயரின் மேலுள்ள பக்கத்துக் கட்டைகள் இரண்டும் விளிம்பை இருபுறமும் கவ்வும். அதற்குப் பிறகுதான் சக்கரம் ஏறத் தொடங்கும். கடினமான ரப்பர் உள்வாங்காது. விளிம்பைத் தொட்டதும் வழுக்கிச் சுற்றும். வண்டியின் கனம் குறைந்த அளவுக்கு ரப்பரின் விறைப்பு குறைவதில்லை என்பதால் சின்ன அளவில் இந்தத் தொல்லை அதிகம். பித்தளைச் சக்கரம் உதவுவது பாதி இதற்காகவும்தான்: டயரைக் கல்லோடு அழுத்திப் பிடிக்கிறது.

படுத்திருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வண்டியின் ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுவையை விடாது. இதனாலேயே வழவழப்பான டைல்ஸ் தரையில் வளையும்போது டயர்கள் தேய்ந்து அடம்பிடிக்கும். கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் கருத்துகள் பலவிதம். உள்ளே எண்ணெய் இல்லாமல் வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பாடி எழும்பி எழும்பி ஆடும்; எண்ணெய் நிரப்பியது மெல்ல அமுங்கி மெல்ல நிமிரும். இவ்வளவு சின்ன குழாயில் உராய்வே ஷாக்கை நடுவழியில் நிறுத்திவிடும் என்பதால், விலை கொடுத்து வாங்கியதும் சமயத்தில் ஏமாற்றும். இன்னும் சிலர் ஸ்பிரிங்கையே கழற்றிவிட்டு, பாடி தன் கனத்தில் தாழ்ந்து உட்காரும்படி விடுகிறார்கள். வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டினால், மோட்டாரின் முறுக்கில் பாடி ஒரு பக்கமாகச் சாயும். சாய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல அமைப்பு.

மோட்டாருக்குக் காதைக் கொடுங்கள். மிக மெதுவாக நகரத் தொடங்கும்போது விட்டு விட்டு இழுத்தால், மோட்டார் தண்டிலுள்ள பல்சக்கரமான பினியன் பெரிதாக இருக்கலாம், மோட்டாரும் சுமாராக இருக்கலாம். சின்ன பினியன் போட்டால் வேகம் குறையும், பிடி கூடும். சக்கரம் சுற்றுவதே தெரியாத மெதுவில் ஒரு கல்லை ஏறிக் கடக்கும் வண்டிதான் உயர்ந்த சரக்கு. பாதிச் சரிவில் விரலை எடுத்துவிட்டு, பின்னால் உருளாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மேலே பெட்டி, கேன், மண்வெட்டி, ஏணி என்று அடுக்கி வைத்த ரூஃப் ரேக் எனக்கு ஒப்பவில்லை. கீழே காசு கொட்டி வாங்கிய ஆறு டிகிரியை மேலே திருப்பிக் கொடுக்கிற வேலை அது. அலங்காரம் வேண்டுமென்றால் பாடியின் வண்ணத்தில் காட்டலாம். லெக்சான் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பாடிக்கு உள்பக்கமாகத்தான் வண்ணம் பூசுவார்கள். வெளியே முதலில் தெரிய வேண்டிய கோடும் விளிம்பும் முதலில். பெரிய பரப்பு கடைசியில். வெளியே பளபளப்பது வண்ணமல்ல, பிளாஸ்டிக். பாறையில் எத்தனை முறை உருண்டாலும் கீறல் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும், வண்ணம் உரியாது.

கண் பழகும் வரை செல்போனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 120 பிரேம் வீதம் எடுத்து 25 பிரேமில் ஓட்டினால் ஏறக்குறைய ஐந்து மடங்கு மெதுவாகும். முன்பு சொன்ன அவசரத்தை அது சரிக்கட்டிவிடும். மினியேச்சர் வைத்துப் படமெடுக்கும் சினிமாக்காரர்களும் வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டும் இதே வழியைத்தான் பின்பற்றினார்கள். ஒரே கல், ஒரே கோணம், ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றம் என்று எடுத்து அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். டயர் முதலில் நசுங்கி, அச்சு பிறகு சாய்ந்து, பாடி கடைசியில் அசைகிறதா, மூன்றும் ஒரே உதறலில் முடிந்துவிடுகிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும்.