எதிராளியின் கணக்குப் புத்தகம்

நம்மூரில் கடல் என்றாலே 1025-இல் கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திர சோழன்தான். அடுத்த காட்சியில் வெள்ளைக்காரன் வந்து இறங்கிவிடுவான். நடுவில் இந்தக் கரையிலிருந்து யாருமே கப்பல் விடவில்லையா? விட்டார்கள். அவர்களைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் சின்னப்பா அரசரத்தினம் (1930–1998). யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்து, லண்டனில் ஆய்வு செய்து, பேராதனை, மலாயா, ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் என்று பல்கலைக்கழகம் மாறி மாறிப் பாடம் சொன்னவர். என் நண்பர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், “யாரு?” என்கிறார்கள்.

1650 முதல் 1740 வரையான சோழமண்டலக் கரையின் வணிகம் பற்றி 1986-இல் வந்தது அவருடைய முக்கியமான புத்தகம். அதில் அவருக்கிருந்த சிக்கல் என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு உடனே புரியும். நம்ம சிஸ்டத்தின் லாக் கிடைக்கவில்லை. அதோடு பேசிய இன்னொரு சிஸ்டத்தின் எர்ரர் லாக் மட்டும் மலைமாதிரி இருக்கிறது. உள்ளூர் வியாபாரிகளின் கணக்கேடுகள் பெரும்பாலும் போய்விட்டன. டச்சுக் கம்பெனியின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

அரசரத்தினம் அந்தப் புலம்பல்களைத் திருப்பிப் படித்தார். நெசவாளர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு துணியை வேறொருவனுக்கு விற்றுவிட்டார் என்று கம்பெனிக்காரன் அழுதால், அந்த நெசவாளருக்கு வேறு வாடிக்கையாளர் இருந்தார் என்று அர்த்தம். வியாபாரிகள் விலையில் இறங்கிவர மாட்டேன் என்கிறார்களா? அப்படியென்றால் பேரம் பேசும் பலம் அவர்களிடம் இருந்திருக்கிறது. 1750–1790 காலத்து நெசவாளர்களைப் பற்றி 1980-இல் எழுதிய கட்டுரையில், ஆங்கிலக் கம்பெனி அந்தப் பலத்தை உடைக்க இடைத்தரகரை ஒதுக்கிவிட்டுத் தறிவரைக்கும் கை நீட்டியதைக் காட்டுகிறார்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. மதராஸில் ஆங்கிலக் கம்பெனியின் தலைமை வியாபாரியாக இருந்து 1680-இல் இறந்த காசி வீரண்ணா மாதிரி ஆட்கள் இவர் எழுத்தில் சரக்கும் கடனுமாகவே வருகிறார்கள். முகம் தெரிவதில்லை. ஆவணத்தில் இல்லாததை எழுத மாட்டேன் என்கிற கறார் அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. கம்பெனிக் கடிதத்தில் ஒரு வியாபாரியின் பெயர் வராமல் போனால் அவர் நொடித்துப்போனார் என்று எடுத்துக்கொள்வதா, கம்பெனியோடு வேலையே வேண்டாம் என்று வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டார் என்றா? லாக் நின்றுவிட்டது என்பதற்காக சிஸ்டம் செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விக்கான சாட்சியையும் அவரே தருகிறார். பரங்கிப்பேட்டை, நாகூர் பக்கத்துச் சூலியா முஸ்லிம்கள் அச்சே, கெடா என்று கப்பல் விட்டுக்கொண்டே இருந்தார்கள். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபோது அங்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு இன்னும் அதே பெயரில் இருக்கிறது.

சரித்திர நாவல் எழுதப்போகும் நண்பர்களே, சோழர் கப்பற்படைக்கு ஏற்கெனவே நிறைய ஆள் இருக்கிறது. இந்தக் கப்பல்களில் ஏற இன்னும் யாரும் வரவில்லை.