இரு குரல், ஒரு மேடை

ஃபோக் ராக் பிறந்த ஆண்டு 1965 என்பார்கள். பாப் டிலன் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் மின்கிதாரோடு ஏறி ரசிகர்களில் ஒரு பகுதியினரின் கூச்சலை வாங்கிக்கொண்டது அந்த ஜூலையில்தான். அதற்குச் சில வாரங்கள் முன்பு நியூயார்க்கில் தயாரிப்பாளர் டாம் வில்சன், விலைபோகாத ஓர் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து, பாடியவர்களைக் கேட்காமலேயே மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்திருந்தார். 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' 1966 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆளுக்கொரு திசையில் போயிருந்த பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் அதனால் மீண்டும் சேர்ந்தார்கள். இந்த வகையின் மிகப் பெரிய ஜோடியை ஒட்டவைத்தது ஒலிப்பதிவுக் கூடம். மேடையின் கதை வேறு.

மேடையில் இரண்டு மரபுகள் தெரிகின்றன. முதலாவது, எவர்லி சகோதரர்களிடமிருந்து வந்தது. (அவர்களை ஃபோக் ராக்கில் சேர்த்தால் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) ஒருவர் மெட்டைப் பிடிக்க, மற்றவர் அதை ஒட்டியே மேலே பாடுவார்; சொல்லும் மூச்சும் ஒன்றாக விழும். குவீன்ஸ் பகுதிப் பள்ளிச் சிறுவர்களான சைமனும் கார்ஃபங்கலும் இதைக் கேட்டுத்தான் பாடப் பழகினார்கள். அழகான முறைதான். ஆனால் ஒருவர் சற்றுத் தளர்ந்தாலும் ஒளிய இடமில்லை. மனம் விலகினாலும் அப்படித்தான். 1973இல் கலிஃபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சியின் நடுவே ஃபில் எவர்லி கிதாரை உடைத்துவிட்டு இறங்கிப்போனார். மீதியை டான் தனியாகப் பாடி முடித்தார். அந்த இரண்டு குரல்கள் மேடையில் மறுபடி சேரப் பத்து ஆண்டுகள் ஆயின.

1981 செப்டம்பர் 19 அன்று சென்ட்ரல் பார்க்கில் சைமனும் கார்ஃபங்கலும் சேர்ந்து பாடியபோது, திரண்டது ஐந்து லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். பழையபடி இரு குரலும் ஒரு கிதாரும் போதும் என்றார் கார்ஃபங்கல். பெரிய வாத்தியக் குழு வேண்டும் என்றார் சைமன். சைமன் சொன்னதே நடந்தது. அன்று அவர் தனியாக ஒரு புதுப் பாட்டும் பாடினார், முந்தைய டிசம்பரில் கொல்லப்பட்ட ஜான் லெனனைத் தொடும் பாட்டு. நடுவில் ஒருவன் மேடைக்குத் தாவி அவரை நோக்கி ஓடிவந்தான். காவலர்கள் அவனை இழுத்துப்போக, சைமன் பாட்டை முடித்தார். படச்சுருளில் இந்தக் காட்சி உண்டு. இசைத்தட்டிலோ அந்தப் பாட்டே இல்லை.

2003இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் எவர்லி சகோதரர்களையும் அழைத்து, நடுவே அவர்களைப் பாடவைத்தார்கள். குருவுக்குச் செய்த மரியாதை. பிறகு 2010, நியூ ஆர்லியன்ஸ். கார்ஃபங்கலின் குரல் மேலே ஏறவில்லை, நரம்புப் பாதிப்பு. உச்சஸ்தாயியை நம்பியே கட்டிய 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' போன்ற பாட்டை வேறு எதைக் கொண்டு தாங்குவது? எஞ்சிய பயணம் ரத்தானது.

இரண்டாவது மரபுக்கு இண்டிகோ கேர்ள்ஸ்தான் சிறந்த சாட்சி. ஜார்ஜியாவில் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்த ஏமி ரேயும் எமிலி சேலியர்ஸும் இன்று அறுபதைக் கடந்தவர்கள். ஏமியின் குரல் தடிப்பானது, கரகரப்பானது. எமிலியுடையது மேலே மிதக்கும் மென்மையான குரல். பாட்டைத் தனித்தனியாக எழுதுகிறார்கள். ஒருவர் பாட்டில் மற்றவர் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொள்கிறார். சில இடங்களில் சொற்கள்கூட வேறு. குரல்கள் உருகி ஒன்றாவதில்லை, உரசிக்கொண்டே போகின்றன. கிதாரை வைத்துவிட்டு மாண்டலினையோ பாஞ்சோவையோ எடுக்கும் இடைவெளியில் இயல்பாகப் பேசுகிறார்கள். 1989இல் வந்த 'க்ளோசர் டு ஃபைன்' பாட்டில், முன்னதாகப் பாடிய இளம் கலைஞரை அழைத்து ஒரு சரணத்தைக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். பல்லவியை அரங்கமே எடுத்துக்கொள்கிறது. 2023இல் 'பார்பி' படத்தில் அது ஒலித்த பிறகு, பாடுகிற கூட்டத்தில் இருபது வயதுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வயதைத் தாங்குவது இந்த முறைதான் என்பது என் கணிப்பு. முன்பே விலகி நிற்கும் குரல்களில் ஒன்று சற்று இறங்கினாலும் பாட்டு சரிவதில்லை. மனக்கசப்பைக்கூட இந்த முறை தாங்கும். மணமுறிவின் நடுவே 1982இல் அமெரிக்கா முழுக்கப் பாடிச் சென்ற ரிச்சர்ட், லிண்டா தாம்ப்சன் தம்பதியின் நிகழ்ச்சிகளை இன்றும் வியந்து பேசுகிறார்கள்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் 1982இல் வெளியான சென்ட்ரல் பார்க் தொகுப்பையும், இண்டிகோ கேர்ள்ஸின் 1995ஆம் ஆண்டு நேரடிப் பதிவான '1200 கர்ஃப்யூஸ்' தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், இரண்டாவதை முதலில்.