உவமையா, அளவுச் சொல்லா?

‘வெள்ளரிக்காயைப் போலக் குளிர்ந்திருந்தார்’ என்று ஆங்கிலேயர் ஒருவர் தம் நண்பரைப் பற்றிச் சொன்னால் நாம் யாது கொள்வது? நண்பரின் உடம்பு குளிர்ந்திருந்தது என்பதன்று கருத்து. பிறர் பதறிய வேளையிலும் அவர் சற்றும் பதறவில்லை என்பதே கருத்து. கேட்பவர் கண்முன் வெள்ளரிக்காய் தோன்றுவதில்லை. ‘சற்றும்’ என்னும் சொல் தமிழில் செய்யும் வேலையை அக்காய் ஆங்கிலத்தில் செய்கிறது.

இத்தகைய தொடர்கள் ஆங்கிலப் பேச்சில் பல. வௌவாலைப் போலக் குருடு, மாதாகோயில் எலியைப் போல ஏழை, கதவாணியைப் போல இறந்தவன் என்பன சில. இவற்றை உவமை என்றே மாணவர்க்குக் கற்பிக்கிறோம். வடிவம் உவமைதான், தொழில் வேறு. வினை, பயன், மெய், உரு என நால்வகையாக உவமை பிறக்கும் என்றார் தொல்காப்பியர். இவற்றுள் எதனால் கதவாணியும் பிணமும் ஒக்கும்? வௌவாலோ உண்மையில் குருடன்று. அதற்குப் பார்வை உண்டு. ஒப்புமை பொய்த்த பின்னும் தொடர் நிலைக்கிறது என்றால், அதனை நிறுத்துவது மிகுதிப் பொருளே. உறு, தவ, நனி என்னும் உரிச்சொற்களின் இனமாகவே இவற்றைக் கருத வேண்டும்.

ஓசையும் இவற்றுக்குத் துணை. ‘கூல்’ என்றால் ‘குக்கம்பர்’, ‘டெட்’ என்றால் ‘டோர்நெயில்’, ‘பிரவுட்’ என்றால் ‘பீகாக்’ என மோனை இழுத்துச் செல்கிறது. கதவாணித் தொடர் 14ஆம் நூற்றாண்டில் லாங்லண்டு பாடிய ‘பியர்ஸ் பிளௌமன்’ என்னும் நூலிலேயே உள்ளது.

அச்சில் அடிக்கடி கண்டு பழகிய உவமைகளை எழுத்தாளர் கையாளலாகாது என்று 1946இல் எழுதிய கட்டுரையில் ஜார்ஜ் ஆர்வெல் கண்டித்தார். எழுத்துக்கு அது நல்ல விதி. ஆயினும், பேச்சில் வழங்கும் இத்தொடர்களை உவமை என்று எடுத்துக்கொண்டு பழிப்பது முறையன்று. அளவுச் சொல் தேய்ந்திருப்பது குற்றமாகாது. தேய்ந்த நாணயமும் செல்லும்.

தேய்ந்ததை மீண்டும் ஒளிரச் செய்வது கலைஞன் ஆற்றல். 1843இல் வெளிவந்த ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். மார்லி என்பவர் கதவாணியைப் போல இறந்துவிட்டார் என்கிறார் சார்லஸ் டிக்கன்ஸ். உடனே நின்று, கதவாணியில் அப்படி என்ன சாவு இருக்கிறது, சவப்பெட்டியின் ஆணியன்றோ பொருத்தம் என்று தமக்குள் வழக்காடுகிறார். முன்னோர் சொன்ன உவமையை மாற்ற நான் யார் என்று நகைத்து, அதனையே திரும்பவும் சொல்கிறார். இது வெறும் வேடிக்கையன்று. மார்லியின் ஆவி பின்னர் வரப்போகிறது. அவர் இறந்தது ஐயமற விளங்கினால்தான் அவ்வருகை வியப்பாகும். சாவில் மிகுதி குறைவு இல்லை, உறுதி உண்டு. அவ்வுறுதியை ஆணியடித்தாற்போல் நம் நெஞ்சில் இறக்கவே உறங்கிய ஆணியை அவர் எழுப்பினார்.

மொழிபெயர்ப்போர்க்கு இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பொருள் உறங்கும் இடத்தில் அளவை மட்டும் பெயர்த்தால் போதும். அதற்குத் தமிழில் வறுமையில்லை: கன்னங்கரேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர் என்று சொல்லையே அடுக்கி மிகுதி காட்டும் மொழி நம்முடையது. ‘வெள்ளரிக்காய்’ நண்பரை ‘இம்மியும் பதறாதவர்’ என்றால் தீர்ந்தது. ஆனால், டிக்கன்ஸைப் போல் ஆசிரியர் பொருளை எழுப்பிவிட்டாரானால், ஆணி தமிழுக்கும் வந்தே ஆக வேண்டும்; ‘ஐயமின்றி இறந்தார்’ என்று அங்கே எழுதினால் அவருடைய வழக்கும் நகையும் அடியோடு போய்விடும்.

எது உறங்குகிறது, எது விழித்திருக்கிறது என்று அறிவதே இதில் புலமை. தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள், இந்த வேறுபாட்டையும் ஒருநாள் மாணவர்க்குக் காட்டுவாராக. அகராதி பொருளைத் தரும். தொடர் விழித்திருப்பதை ஆசிரியரே காட்டித்தர வேண்டும்.